உட்கார்ந்து ஊதிய நாள்

எங்கள் பக்கத்தில் பேண்டு செட்டுக்காரனுக்கு நாற்காலி கிடையாது. கல்யாணமோ, கோயில் பொங்கலோ, நின்றுகொண்டு ஊத வேண்டும், இல்லாவிட்டால் நடந்துகொண்டு ஊத வேண்டும். ஊர்வலம் மண்டபத்து வாசலுக்கு வந்ததும் மாப்பிள்ளை உள்ளே போவார். நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொள்வோம். கடைசிப் பந்தியில் யாராவது வந்து, "பேண்டுக்காரங்க எங்கப்பா, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவார்கள். சில இடங்களில் அதையும் மறந்துவிடுவார்கள்.

சாவுக்கும் போவோம். ஆனால் எல்லாச் சாவுக்கும் இல்லை. பேரன் பேத்தி எடுத்து, நிறைய வாழ்ந்து போனவர்களுக்குத்தான் மேளம். வாழ வேண்டிய வயதில் போனவர்களுக்கு ஒரு சத்தமும் கூடாது, அழுகை மட்டும்தான். பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் மேளம் இல்லாத சாவு அதிகம் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

நான் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் பிழை திருத்துகிறவன். தினசரி காலண்டரில் ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறிவிடாமல் பார்ப்பது என் வேலை. முகூர்த்த நாட்களில் லீவு சொல்லிவிட்டு, சரிகை வைத்த சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளாரினெட் ஊதப் போய்விடுவேன். அடுத்த வருஷத்து முகூர்த்தங்கள் எனக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் செட்டில் கொஞ்சம் மரியாதை உண்டு. என் கிளாரினெட்டைப் பற்றி யாரும் நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை.

எங்கள் மாஸ்டர் ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற சாலையில் ஒரு கிராமத்துக்காரர். பேண்டு செட்டின் தலைவரை மாஸ்டர் என்றுதான் சொல்வோம். டிரம்பெட் ஊதுவார். உடம்பு ஒல்லி. கன்னம் மட்டும் யாரோ ஒரு பயில்வானிடம் இரவல் வாங்கியது மாதிரி இருக்கும். சாத்தூரைத் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியாது. சாத்தூருக்குள்ளேயே, "எந்த மாஸ்டர்?" என்றுதான் கேட்பார்கள். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு வருத்தம் வேறு. நாங்கள் நடந்துகொண்டே ஊதுகிறோம் இல்லையா, ஒரு வீட்டு வாசலைக் கடக்கும்போது பாட்டில் கால்வாசிதான் அந்த வீட்டுக்குக் கேட்கும். மிச்சம் அடுத்த வீட்டுக்கு, அதற்கடுத்த வீட்டுக்கு. பேண்டு செட்டின் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டவன் பேண்டுக்காரன் ஒருவன்தான் என்பார்.

இதில் முக்கியமான ஆள் அவருடைய மனைவி. நான் மதினி என்று கூப்பிடுவேன். விடியும்போதே வேனில் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அந்த வீட்டில் உலை கொதித்தது மதினியின் கையால்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதற்குப் பதிலாகக் கேலி செய்வாள். முன்பெல்லாம் அவள் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். நீளநீளமாகப் பாய் மாதிரி பின்னிச் சுருட்டுவார்களே, அது. கல்யாண ஊர்வலத்தில் அந்தச் சரத்தைப் பற்றவைத்தால் எங்கள் செட்டில் பாதிப் பேர் ஊதுவதே கேட்காது.

"உங்க ஊத்த நான் எங்க கேட்டேன்? நீங்க வாற நேரத்துக்குச் சரியா எவனாச்சும் சரத்தக் கொளுத்திருதான். நான் பின்னுன சரம் உங்க டிரம்பெட்ட அமுக்கிருது. அதுக்கு நான் என்ன செய்ய?" என்பாள்.

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிடும். அதனால்தான் எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டானது. மற்ற செட்டுகள் வெடிச் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு, புகை அடங்கியதும் ஆரம்பிப்பார்கள். நாங்கள் நிறுத்த மாட்டோம். வெடிச் சத்தம் கேட்டதும் மாஸ்டர் இடது முழங்கையைத் தூக்குவார். தூக்கினால் எல்லோரும் ஏற்றி ஊத வேண்டும். வெடிக்கு மேலே போக வேண்டும். வருஷக்கணக்கில் இதையே செய்து, வெடி என்று காதில் விழுந்ததுமே எங்கள் வயிறு தானாக மூச்சை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. சரவெடி தயாரிக்கத் தடை வந்தபின் மதினி வானத்தில் போய்ப் பூப்பூவாக விரிகிற பேன்சி ரகத்துக்கு மாறினாள். எங்கள் வழக்கம் மாறவில்லை, அவள் கேலியும் மாறவில்லை.

ஒரு நாள் சாத்தூர் பேருந்து நிலையத்து டீக்கடையில் மாஸ்டர் புதுசாக வாங்கிய போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். கறுப்பு வெள்ளையில் ஒரு பாட்டு வீடியோ. அமெரிக்காவில் எடுத்தது. கோட்டு போட்ட ஆட்கள் வரிசை வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார்கள். முன்னால் தொந்தி போட்ட ஒருவர் டிரம்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, நல்லாப் பாரு. டிரம்பெட்டு, டிரம்போனு, சாக்ஸபோனு, ஒன் கிளாரினெட்டு. எல்லாம் நம்மகிட்ட இருக்கதுதான். அவங்களுக்கு நாற்காலி இருக்கு, நமக்கு இல்ல. வித்தியாசம் அம்புட்டுத்தான்" என்றார்.

"அம்புட்டு மட்டும் இல்ல மாஸ்டர். அவங்க நல்லா ஊதுதாங்க."

"ஒக்காந்து ஊதுனா நீயும் நல்லா ஊதுவ."

அது ஜாஸ் என்கிற சங்கீதம், அந்த மாதிரிப் பெரிய பெரிய செட்டுகள் அங்கே ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்திருக்கின்றன என்று பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். தொந்திக்காரரைப் பற்றித் தேடினால் ஒன்றும் பெரிதாக அகப்படவில்லை. பெரிய செட்டுகளின் காலம் முடியப்போகிற நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டவர். கொஞ்ச வருஷம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் வாசித்திருக்கிறார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அப்புறம் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதை மாஸ்டரிடம் சொன்னபோது அவருக்கு ஏனோ சந்தோஷம். "அப்ப இவரு நம்ம ஆளுதாம்லே" என்றார். அன்றிலிருந்து அந்த மனிதரைத் தன் சொந்தக்காரர் மாதிரியே பேச ஆரம்பித்தார்.

போனில் பார்த்த அந்தப் பாட்டை நாங்கள் உட்கார்ந்து ஊத வேண்டும், ஜனங்கள் எதிரே உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும், முன்வரிசையில் மதினி இருக்க வேண்டும். மாஸ்டர் ஆசைப்பட்டது இவ்வளவுதான். கேட்பதற்குச் சின்ன ஆசை. எங்கள் பக்கத்தில் அது நடக்கிற காரியமா என்று நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. மூடிக்கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுப் பழகினோம். வெட்கக்கேடு. உட்கார்ந்தால் எங்களுக்கு மூச்சு வரவில்லை, வயிறு மடிந்துவிடுகிறது. கால் சும்மா இருக்கவில்லை, உட்கார்ந்தபடியே நடந்தது. பெரிய டிரம் அடிக்கிறவன் டிரம்மை வயிற்றில் தொங்கவிட்டுப் பழகியவன். தரையில் வைத்ததும் அது யாருடையதோ என்பதுபோல் தொடவே பயந்தான். அந்தப் பாட்டின் தாளமும் நேராகப் போகிற தாளம் இல்லை. ஒரு காலை இழுத்து இழுத்துப் போனது.

"நொண்டி நடைலே. மொழங்கால் வலிக்காரன் தேர் பாக்கப் போறமாரி அடி. வலிக்கிது, ஆனா போயே தீரணும்" என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு டிரம்காரனுக்கு வந்துவிட்டது.

பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். தொந்திக்காரர் டிரம்பெட்டைக் கீழே இறக்கிவிட்டுச் சும்மா நிற்பார். முடிந்துவிட்டது என்று கேட்கிறவர்கள் நினைக்கும்போது மறுபடி தூக்கித் தனியாக ஊதுவார். அப்புறம் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். மாஸ்டருக்கு அந்த இடம்தான் உயிர். எங்களுக்கு அதுதான் எமன். ஊர்வலத்தில் சத்தம் நின்றால் யாராவது திட்டுவார்கள் என்று பழகியவர்கள் நாங்கள். அந்த இடைவெளியில் யாராவது ஒருவன் பொறுக்க முடியாமல் ஊதிவிடுவான். அதிகமும் அது நான்தான்.

இன்னொன்றும் இருந்தது. ஊர்வலத்தில் மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நடப்பார், தெரு அவர் முகத்தைப் பார்க்கும். படத்தில் இருந்தவரோ செட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். தானும் அப்படித்தான் நிற்பேன் என்று மாஸ்டர் பிடிவாதம் பிடித்தார். "ஜனங்களுக்கு உங்க முதுகுதான மாஸ்டர் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுட்டுப் போகட்டும். இம்புட்டு வருசமா நீங்க என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊதுதீகன்னே நான் பாத்ததில்ல."

மதினி ஒத்திகைக்கு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தண்ணீர் பிடிக்கவும் துணி துவைக்கவுமே சரியாக இருக்கும். மாஸ்டரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். பொங்குவதற்கு முன்னால் பானையைத் திறந்து பார்க்கக் கூடாதாம்.

நாற்காலி கிடைத்த விதம் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். ஆவணி மாதம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களைப் பேசியிருந்தார்கள். மாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு, "முகூர்த்தம் முடிஞ்சு பந்தி நடக்குற நேரத்துல உள்ளார ஒக்காந்து ஒரு பாட்டு வாசிக்கலாமா முதலாளி" என்று கேட்டார். முதலாளி யாருக்கோ போன் போட்டபடியே, "நாற்காலிதான? மண்டபம் பூராக் கெடக்கு. எடுத்துப் போட்டுக்கோங்க" என்றார். அவ்வளவுதான். வெற்றிலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தாம்பாளத்தை நகர்த்துகிற மாதிரி. இந்த ஒரு சொல்லைக் கேட்க இத்தனை வருஷம் வேப்பமரத்தடியில் நின்றோமா என்று இருந்தது.

தீபாவளிக்கு முந்தின அந்த மாதங்களில் கம்பெனிகளில் சீசன். லோடு ஏற்ற லாரி வாசலில் நின்றுகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் லீவு எடுக்கிற பொம்பளைக்கு அடுத்த வாரம் வேனில் இடம் இருக்காது. அதனால் மதினி காலையில் வேலைக்குப் போய், கையிலிருக்கிற ஆர்டரை முடித்துக்கொடுத்துவிட்டு, போர்மேனிடம் சொல்லிக்கொண்டு பாதியில் வருவதாக ஏற்பாடு. முதல்நாள் சாயங்காலம் நான் போனபோது கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச் சேலையை மடித்து வயர்க்கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனியிலேயே கையக் காலக் கழுவிட்டு, மாத்திக்கிட்டு, அங்கனருந்தே பஸ் ஏறி வந்துருதேன். உங்க மாஸ்டர்ட்டச் சொல்லுங்க, முன்வரிசையில எனக்கு ஒரு நாற்காலி பிடிச்சு வைக்கணும். இல்லைன்னா திரும்பிப் போயிருவேன்" என்றாள்.

"நீங்க வந்து கேட்டுட்டு என்ன சொல்லப்போறீகளோன்னு அவருக்குப் பயம் மதினி" என்றேன்.

"நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதான் சொல்லுவேன். பயப்படட்டும்."

சாத்தூரை ஒட்டிய மண்டபம். முகூர்த்தம் முடிந்தது. மேடைக்குப் பக்கத்தில் இரண்டு வரிசை நாற்காலி போட்டோம். சிவப்புத் துணி உறை போட்ட, முதுகு சாய்கிற நாற்காலி. டிரம்போன்காரன் கோட்டைக் கழற்றி நாற்காலியைத் துடைத்துவிட்டு அதில் உட்கார்ந்தான். எதிரே முன்வரிசையில் ஒரு நாற்காலியின் மேல் மாஸ்டர் தன் துண்டைப் போட்டுவைத்தார். உட்கார வந்த ஒரு பெரியவரிடம், "ஆள் வருது அண்ணாச்சி" என்று கும்பிட்டு நகர்த்தினார். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். வீடியோக்காரர் அவசரப்படுத்தினார். "வந்துருவா. ஆரம்பிச்சாத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

நன்றாக ஊதினோம். இதை நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆள் இல்லை. நொண்டி நடை பிசகாமல் வந்தது. பந்திக்கு எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். மாஸ்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஊதினார். அந்த மாதிரி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

அப்போது ஒரு சத்தம் வந்தது. வாசலில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் காலையிலிருந்தே வெடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இது அதைவிடக் கனம். காதில் கேட்டதைவிட நாற்காலிக் கால் வழியாக முதுகில் ஏறியது என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக்காரனுக்குக் கல்யாண வெடிக்கும் கம்பெனி வெடிக்கும் வித்தியாசம் கேட்டதுமே தெரியும் என்பார்கள். பொய். தெரிந்துகொள்ள மனசில்லாத நேரத்தில் தெரியாது. மாஸ்டர் இடது முழங்கையைத் தூக்கினார். எங்கள் வயிறு தானாக மூச்சை இழுத்தது. ஏற்றி ஊதினோம். அந்தச் சத்தத்தின் தலைமேல் ஏறி ஊதினோம். கூட்டம் கைதட்டியது. எங்கள் செட்டுக்கு ஜனங்கள் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

தட்டிய கைகள் அப்படியே பாக்கெட்டுக்குப் போயின. எல்லோர் போனும் ஒன்றுபோல அடிக்க ஆரம்பித்தன. எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பின்வரிசை எழுந்தது. பிறகு நடுவரிசை. பொண்ணுக்கு அப்பா போனைக் காதில் வைத்தபடி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. மாஸ்டருக்குத் தெரியவில்லை. அவர்தான் எங்களைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாரே. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த முகத்துக்கு எதிரே யார் முதலில் நிறுத்துவது? பாட்டு அந்த இடைவெளிக்கு வந்தது. எல்லோரும் நின்றோம். ஒருவனும் பிசகவில்லை. மாஸ்டர் டிரம்பெட்டை இறக்கினார். அந்த அமைதி கொஞ்சம் அதிகமாக இருப்பது அவருக்கே பட்டிருக்க வேண்டும். திரும்பினார்.

மண்டபம் காலி. முன்வரிசை நாற்காலியில் அவர் துண்டு மட்டும் கிடந்தது.

வெடிவிபத்து அச்சங்குளத்துப் பக்கம் என்றார்கள். எந்தக் கம்பெனி என்று சொன்னபோது டிரம்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மதினியின் கம்பெனி. யாருடைய வேனிலோ ஏறி, உடுப்பைக்கூட மாற்றாமல் போனோம். கம்பெனிக்கு வெகுதூரம் முன்பே வண்டியை மறித்துவிட்டார்கள். புகை. சாலையில் பொம்பளைகள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். தோளில் சரிகையும் தலையில் தொப்பியுமாக, சிவப்புக் கோட்டு மாட்டிய ஒரு கூட்டம் இறங்கி நடந்ததும் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். மாஸ்டர் கையில் டிரம்பெட் வேறு இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு பெரியவர் குறுக்கே வந்து நின்றார். அவர் வீட்டிலும் யாரோ உள்ளே இருந்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது.

"யார்லே ஒங்களக் கூப்பிட்டது? இது மேளம் வைக்கிற சாவா? கொள்ளி வைக்க ஒடம்பு கெடைக்குமான்னு நிக்கோம். போங்கலே" என்றார்.

மாஸ்டர் கோட்டைக் கழற்றி அதில் டிரம்பெட்டைச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு பனியனோடு கூட்டத்துக்குள் போனார். அந்தப் பெரியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மதினி சாகவில்லை. அவள் வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு, கையிலும் முகத்திலும் அப்பியிருந்த வெள்ளி மாதிரி மின்னுகிற மருந்துப் பொடியைக் கழுவக் குழாயடிக்கு வந்திருக்கிறாள். கழுவிக்கொண்டிருக்கும்போது அவள் உட்கார்ந்து வேலை செய்த அறை போய்விட்டது. அந்த அறையில் அவளோடு இருந்த யாரும் மிஞ்சவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் தூக்கி எறியப்பட்டவளைச் சாத்தூருக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுபோனார்கள். தோளிலும் முதுகிலும் தீக்காயம். அது ஆறியது. காது ஆறவில்லை. இரண்டு காதும் போய்விட்டது, இனி வராது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து அவள் முதலில் கேட்டது கச்சேரியைப் பற்றி. "வாசிச்சீகளா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திக் கேட்டாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னமோ சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சத்தமாச் சொல்லுங்க" என்றாள். அவர் சத்தமாகச் சொன்னார். "இன்னுங் கொஞ்சம் சத்தமா" என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். உங்க கச்சேரிதான் மாஸ்டர் அவளக் காப்பாத்துச்சு, கச்சேரிக்குக் கெளம்பலைன்னா அவளும் போயிருப்பா. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே சமயத்தில் அவள் கூட வேலை பார்த்தவர்களின் வீடுகளில் மேளம் இல்லாமல் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு ஆட்கள் அவளைப் பார்க்கிற பார்வையை மாஸ்டர் பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். அதில் பகை இல்லை. பகை இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மாஸ்டர் அந்தச் சத்தத்தைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார். "அவ தூக்கி எறியப்பட்ட நேரத்துல நான் கைய ஒசத்துனேம்லே. அந்தச் சத்தத்த அமுக்கி ஊதுங்கன்னு சொன்னேன்" என்றார். நான், அது கல்யாண வெடி என்றுதானே எல்லோரும் நினைத்தோம் என்றேன். "வெடின்னதும் அவ சரம்னுதான் நெனச்சேன். பளக்கம்" என்றார். 

தைக்குப் பிறகு கல்யாண வீட்டிலிருந்து வீடியோ வந்தது. எங்கள் பாட்டு இருக்கிற பகுதியை மட்டும் என் போனில் ஏற்றிக்கொண்டு போய் மதினியிடம் கொடுத்தேன். கொடுத்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். கம்பெனி வெடித்த அந்தச் சத்தமும் அதில் பதிவாகியிருந்தது, சின்னதாக, யாரோ கதவைச் சாத்தியதுபோல. அதன் பின்னால் எங்கள் செட்டு எழும்புவதும் கேட்கும். மாஸ்டர் காதில் அது விழ வேண்டாம் என்று நினைத்தேன்.

மதினி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். எங்கள் கன்னங்கள் உப்புவதையும் டிரம்காரன் தலையாட்டுவதையும் பார்த்துச் சிரித்தாள். அதில் எங்கள் எல்லோர் முகமும் தெரிந்தது. முடிகிறவரை பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். அப்புறம் போனைத் திருப்பிக்கொடுத்தாள்.

"எல்லாரு மூஞ்சியும் தெரியிது. இவுக முதுகுதான் தெரியிது" என்றாள். தன் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று அவளுக்கு இப்போது தெரிவதில்லை. தெருவுக்கே கேட்டிருக்கும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாஸ்டர் திரும்பவே இல்லை.

ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஜனம் வெள்ளமாகப் போகும். ஒரு கிராமத்தார் தீச்சட்டி எடுத்து நடந்து வருகிற கூட்டத்துக்கு எங்கள் செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். சம்பவத்துக்குப் பிறகு மாஸ்டர் ஊத வந்தது அன்றைக்குத்தான். உடம்பில் பாதிதான் வந்திருந்தது. மதினி காலையிலேயே அங்கே போய்விட்டாள். கண்ணுக்கும் காலுக்கும் தகட்டில் செய்த உருக்களை வாங்கி அம்மனுக்குப் போடுவார்களே, அதுபோல அவள் காதுக்கு ஒரு ஜோடி வாங்கிப் போட்டிருந்தாள். "ஆத்தாவுக்கு வேண்டியத அவ எடுத்துக்கிட்டா. அதுக்கு ரசீது மாரி இருக்கட்டும்" என்று சொன்னாளாம். அவள் கேலி இப்போது இந்த மாதிரி ஆகியிருந்தது.

ஆற்றுப் படுகையில் மணல் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அம்மன் பாட்டை ஊதிக்கொண்டு போனோம். கூட்டத்தின் ஓரத்தில் மதினி நின்றிருந்தாள். அவளுக்கு நேரே வந்ததும் மாஸ்டர் நின்றார். எங்களையும் கையைக் காட்டி நிறுத்தினார். அவளுக்கு முகத்தைக் காட்டி நின்றுகொண்டு அந்தத் தொந்திக்காரர் பாட்டை ஆரம்பித்தார்.

நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விரல் மறக்கவில்லை, ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டோம். அவர் முதுகைப் பார்த்து ஊதினோம், எப்போதும்போல. பின்னால் தீச்சட்டியோடு நிற்கிறவர்கள் கொதிக்கிற மணலில் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். "நடங்கலே, கை வேகுது" என்று ஒருவர் கத்தினார். மாஸ்டர் நகரவில்லை. மதினி அவர் கன்னத்தையும், தொண்டையில் நரம்பு புடைப்பதையும், உதட்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த இடைவெளி வந்தது. எல்லோரும் நின்றோம். மாஸ்டர் டிரம்பெட்டை இறக்கினார். அவ்வளவு கூட்டத்திலும் அந்த ஒரு கணம் சத்தம் இல்லை.

"முடிஞ்சிருச்சா?" என்று மதினி கேட்டாள். ஆற்றின் அக்கரைவரை கேட்டிருக்கும்.

மாஸ்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். டிரம்பெட்டைத் தூக்கி, மண்டபத்தில் ஊதாமல் விட்ட மிச்சத்தை ஊதினார். தனியாக ஊதினார், பிறகு நாங்கள் சேர்ந்துகொண்டோம். பாட்டு முடிந்தது. அவர் டிரம்பெட்டை இறக்கினார். பின்னால் இருந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

மதினி அங்கேயே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தபடி, இன்னும் மிச்சம் இருக்கிறது என்று காத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் போய் அவள் கையைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.